இடித்த வீட்டில் எது மிஞ்சும்? செங்கல்லைவிடக் கலவையைப் பாருங்கள்

சென்னையில் 1980களில் எழுந்த மூன்று மாடிக் குடியிருப்புகள் ஒன்றன்பின் ஒன்றாக இடிபடுகின்றன. 2022ஆம் ஆண்டின் தமிழ்நாடு அடுக்குமாடிக் குடியிருப்பு உரிமைச் சட்டப்படி, மூன்றில் இரண்டு பங்கு உரிமையாளர்கள் ஒப்புக்கொண்டாலே மறுகட்டுமானத்துக்குப் போகலாம். இன்னொரு பக்கம், கட்டட இடிபாட்டுக் கழிவுக்கென மத்திய அரசு 2025இல் வெளியிட்ட புதிய விதிகள் 2026 ஏப்ரல் 1 முதல் நடப்புக்கு வருவதாக அறிவிக்கப்பட்டவை. இரண்டையும் சேர்த்துப் படிப்பவர்களுக்கு மூன்று குழப்பங்கள் வருகின்றன.

தாத்தா கட்டிய சுண்ணாம்பு வீடு 100 வருடம் நிற்க, 35 வருடக் கான்கிரீட்டை ஏன் இடிக்க வேண்டியிருக்கிறது? இடிபாட்டை மறுசுழற்சி செய்தால் அது மறுபடி வீடாகுமா? பழைய கதவையும் செங்கல்லையும் புதுக் கட்டடத்தில் பதித்துவிட்டால் பழைய வீட்டின் நினைவு அதில் தங்குமா?

மூன்றுக்கும் விடை தேடிப் போனால் ஒரே இடத்துக்குத்தான் வந்து நிற்போம்: ஒரு பொருளும் அடுத்த பொருளும் சேரும் இணைப்பு.

## முதலில் மூன்று சொற்கள்

1. மறுபயன்பாடு: செங்கல் செங்கல்லாகவே, உத்திரம் உத்திரமாகவே திரும்பிப் போவது. சுத்தம் செய்வதற்கும் ஏற்றி இறக்குவதற்கும் மட்டும்தான் செலவு.

2. மறுசுழற்சி: பொருளை உருக்கியோ அரைத்தோ கிட்டத்தட்ட அதே தரத்துக்குக் கொண்டுவருவது. கட்டடத்தில் இது ஒழுங்காக நடப்பது இரும்பு, செம்பு, அலுமினியம் ஆகியவற்றுக்கு.

3. தரமிறக்கம்: தூணாக நின்ற கான்கிரீட் நடைபாதைக் கல்லாகவும் பள்ளம் நிரப்பும் ஜல்லியாகவும் மாறுவது.

கட்டட இடிபாட்டில் “மறுசுழற்சி” என்று பேசப்படுவதில் பெரும்பகுதி மூன்றாவது வகைதான். அது வீண் வேலை இல்லை. ஏரியிலும் சாலையோரத்திலும் கொட்டுவதைவிட ஆயிரம் மடங்கு மேல். ஆனால் முதல் வகையோடு அதைக் குழப்பிக்கொண்டால் கணக்கு தப்பும்.

## சுண்ணாம்பு விட்டுக்கொடுக்கும், சிமென்ட் விடாது

சுண்ணாம்புக்கல்லையோ கிளிஞ்சலையோ சுமார் 900 டிகிரி செல்சியஸில் சுட்டால் கரியமில வாயு வெளியேறிச் சுட்ட சுண்ணாம்பு மிஞ்சும். தூய கல் 100 கிலோ சுட்டால் கிடைப்பது 56 கிலோ. நீர் ஊற்றித் தாளித்தால் நீற்றுச் சுண்ணாம்பு. அதை மணலோடு அரைத்துச் சுவரில் வைத்தபின் காற்றிலுள்ள கரியமில வாயுவை மெல்ல உறிஞ்சி மறுபடி கல்லாகிறது. மேற்பரப்பிலிருந்து உள்ளே போக மாதங்கள், வருடங்கள்கூட ஆகும். சிமென்டுக்குச் சூளையில் சுமார் 1,450 டிகிரி வேண்டும். அது இறுகுவது தண்ணீரோடு நடக்கும் வினையால், அதுவும் நாட்கணக்கில்.

அவசரக் கட்டுமானத்துக்குச் சிமென்ட் வசதி. பிரிக்க வேண்டிய நாள் வரும்போதுதான் வேறுபாடு தெரியும். சென்னைச் சுற்றுவட்டாரச் சூளைச் செங்கல் பல ச.மி.மீட்டருக்கு 3.5 நியூட்டன் வலிமை வகையைச் சேர்ந்தவை. ஐஎஸ் 1905 என்ற இந்தியத் தரநிலைப்படி 1:6 சிமென்ட் கலவையின் (ஒரு பங்கு சிமென்ட், ஆறு பங்கு மணல்) வலிமை 3 நியூட்டன், 1:5 கலவைக்கு 5 நியூட்டன். “கெட்டியாக இருக்கட்டும்” என்று 1:4 போடச் சொல்லும் வீட்டுக்காரர், செங்கல்லைவிட வலுவான பசையால் செங்கல்லை ஒட்டுகிறார். அந்தச் சுவரை உடைத்தால் கலவை முழுசாக இருக்கும், செங்கல் இரண்டாகும். சுண்ணாம்புக் கலவை செங்கல்லைவிட மெலிந்தது. கொத்துக்கரண்டியின் முனையால் தட்டினாலே உதிரும், செங்கல் முழுசாகக் கைக்கு வரும்.

இதே குணம்தான் பழைய சுவருக்கு நீண்ட ஆயுளையும் தருகிறது. அடித்தளம் கொஞ்சம் இறங்கினால் சுண்ணாம்புச் சுவர் பல மெல்லிய கீறல்களாக அசைவை வாங்கிக்கொள்ளும். ஈரம் ஏறினால் கலவை வழியாகவே ஆவியாகிவிடும். இங்கே அடிக்கடி நடக்கும் தவறு, பழைய சுண்ணாம்புச் சுவர் பொரிகிறது என்று சிமென்ட் பூச்சு பூசுவது. ஈரம் வெளியேறும் வாசல் அடைபடுகிறது. உப்பு செங்கல்லுக்குள்ளேயே படிகமாகி, பூச்சின் பின்னால் செங்கல் மாவாக உதிர்கிறது. இரண்டு மூன்று மழைக்காலத்தில் பூச்சு பொத்துக்கொண்டு விழும்போது செங்கல்லின் முகத்தையும் கூடவே கொண்டுவந்துவிடும். சுவர் பழசாகிவிட்டது என்று பழியும் சுவருக்கே போகும்.

## மெட்ராஸ் டெரஸ்: பிரிக்கத் தெரிந்த கூரை

சென்னையின் பழைய வீடுகள், அரசுக் கட்டடங்கள் பலவற்றின் தளம் இதுதான். அடுக்குகளைக் கீழிருந்து பார்ப்போம். சுவருக்குச் சுவர் தேக்கு உத்திரங்கள், சுமார் ஒன்றரை அடி இடைவெளியில். அவற்றின்மேல் சுமார் 6 × 3 × 1 அங்குல மெல்லிய செங்கற்கள், சுண்ணாம்புக் கலவையில், மூலைவாட்டில், விளிம்பில் நிற்கும்படி குத்துக்கல்லாக. அதன்மேல் 3 முதல் 4 அங்குலத்துக்குச் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் சேர்ந்த கான்கிரீட். அதைக் கடுக்காய், வெல்லத் தண்ணீர் தெளித்து நாட்கணக்கில் மரக்கட்டையால் அடிப்பார்கள். எல்லாவற்றுக்கும் மேலே தட்டோடு (தட்டையான ஓடு) வரிசை.

இந்த அடுக்குகள் எல்லாமே பிரியும். உத்திரம் பலகையாகும், கதவு நிலையாகும். உடைந்த செங்கல்கூடப் பொடித்தால் சுர்க்கி. நன்கு சுட்ட செங்கல்லின் மிக நைசான பொடி சுண்ணாம்போடு வினைபுரிந்து, தண்ணீருக்குள்ளும் இறுகும் கலவையைத் தரும். கருகும்வரை சுட்ட செங்கல்லுக்கு அந்தக் குணம் கிடையாது. பழைய கொத்தனார்கள் அதைத் தள்ளிவைத்ததற்குக் காரணம் இதுவே.

மெட்ராஸ் டெரஸ் கெடும் வழிகளும் தெளிவானவை. முதலாவது, உத்திரத்தின் முனை. சுவருக்குள் புதைந்த ஓர் அடி மரம் ஈரத்தில் ஊறிச் செல்லரிக்கும், நடுவில் மரம் இரும்பு மாதிரி இருக்கும். முனையை மட்டும் வெட்டிவிட்டுத் தாங்குகல்லோ இரும்புப் பட்டையோ கொடுத்தால் தீரும் சிக்கலுக்குக் கூரையையே இடிக்கிறார்கள். இரண்டாவது, ஒழுகும்போதெல்லாம் பழைய தட்டோட்டை எடுக்காமல் மேலேயே புது அடுக்கு போடுவது. 100 மி.மீ. செங்கல் ஜல்லிக் கான்கிரீட் சதுர மீட்டருக்கு ஏறக்குறைய 180 கிலோ. வீட்டுத் தளத்துக்கு நாம் கணக்கிடும் புழங்கு சுமையே சதுர மீட்டருக்குச் சுமார் 200 கிலோதான். அதாவது ஒரு மராமத்து, காலி மாடியில் நிரந்தரக் கூட்டத்தை நிறுத்திவைத்ததற்குச் சமம்.

சேப்பாக்கம் அரண்மனையில் 2012 ஜனவரியில் தீக்கிரையான கலச மகாலைப் பொதுப்பணித் துறை மறுபடி எழுப்பியபோது சுண்ணாம்பு வேலை தெரிந்தவர்களைத் தேடிச் சேர்க்க வேண்டியிருந்தது. மகால் மீண்டது பெரிய விஷயம். சுண்ணாம்பு அரைக்கும் கைகள் நகரத்துக்குத் திரும்பி வந்ததை நான் அதைவிடப் பெரியதாக நினைக்கிறேன்.

## 35 வருடக் கான்கிரீட் ஏன் தளர்கிறது

கான்கிரீட்டுக்குள் இருக்கும் கம்பியைக் காப்பது கான்கிரீட்டின் காரத்தன்மை. புதுக் கான்கிரீட்டின் பிஎச் அளவு 12க்கு மேல். காற்றின் கரியமில வாயு உள்ளே இறங்க இறங்க அது குறையும். 9ஐ ஒட்டி வந்தால் கம்பியின் காப்புப் படலம் போய்விடும். கடற்கரையில் உப்பு அதற்கு முன்பே வேலையைத் தொடங்கிவிடும். துரு, மூல இரும்பைவிடப் பல மடங்கு இடம் கேட்கும், அதனால் கான்கிரீட் வெடித்துக் கம்பி தெரியும்.

இனி 1980களின் குடியிருப்புக்கு வருவோம். அன்று நடப்பில் இருந்த ஐஎஸ் 456இன் 1978 பதிப்பு, கம்பி கான்கிரீட்டுக்கு எம்15 தரத்தை (ச.மி.மீட்டருக்கு 15 நியூட்டன் வலிமை) அனுமதித்தது. தளத்துக் கம்பிக்கு வேண்டிய கவரிங், அதாவது கம்பியை மூடும் கான்கிரீட்டின் கனம், குறைந்தது 15 மி.மீ. 2000ஆம் ஆண்டுப் பதிப்பு குறைந்தபட்சத் தரத்தை எம்20 ஆக்கியது. கடற்கரைச் சூழலைக் ‘கடுமை’ வகையில் வைத்து எம்30 தரமும் 45 மி.மீ. கவரிங்கும் கேட்டது. இடையில் உள்ள வேறுபாட்டைப் பாருங்கள்: அன்றைய விதிப்படி நேர்மையாகக் கட்டிய தளத்தில்கூடக் கம்பிக்கும் உப்புக்காற்றுக்கும் நடுவே இருந்தது ஒரு விரற்கடை கான்கிரீட். அன்று புழக்கத்தில் இருந்த முறுக்குக் கம்பிக்குத் துரு சீக்கிரம் பிடிக்கும். இதற்குமேல் ஆற்றுமணல் தட்டுப்பாடு, உப்புத்தண்ணீர்க் கலவை, கவர் பிளாக் வைக்காத அவசரம் என்று தளத்துக்குத் தளம் வேறுபடும் குறைகள்.

எனவே “அந்தக் காலத்துக் கட்டடம் உறுதி, இந்தக் காலத்தது மோசம்” என்ற பேச்சு பாதிதான் சரி. சுண்ணாம்பு வீட்டில் துருப்பிடிக்கக் கம்பியே இல்லை என்பதுதான் முதல் காரணம். கம்பி கான்கிரீட்டில் இரண்டு பொருள்கள் பிரிக்க முடியாமல் பிணைந்திருக்கின்றன. அந்தப் பிணைப்பே அதன் பலம். ஒன்று கெட்டால் மற்றதையும் இழுத்துக்கொண்டு போவதும் அதனால்தான்.

## நொறுக்கிய கான்கிரீட் எங்கே போகிறது

எடையில் தொடங்குவோம். 125 மி.மீ. கான்கிரீட் தளம் சதுர மீட்டருக்கு 312 கிலோ. 1,000 சதுர அடி வீட்டின் ஒரு தளம் மட்டும் 29 டன். சுவர், தூண், அடித்தளம் எல்லாம் தனி. சென்னையில் பெருங்குடியிலும் கொடுங்கையூரிலும் நாளொன்றுக்குத் தலா 400 டன் கையாளும் இடிபாட்டுக் கழிவு ஆலைகள் அமைக்கப்பட்டன.

ஆலையில் நடப்பது எளிது. பெரிய துண்டுகளைத் தாடை நொறுக்கி உடைக்கும், காந்தம் கம்பியை இழுக்கும், மரமும் பிளாஸ்டிக்கும் பிரியும், சல்லடை அளவு வாரியாகப் பிரிக்கும், கழுவினால் மணல் போன்ற பொடி கிடைக்கும். சிக்கல் அதற்குப் பிறகு. நொறுக்கிய ஜல்லியின்மேல் பழைய சிமென்ட் ஒட்டிக்கொண்டேயிருக்கும். கருங்கல் ஜல்லி தன் எடையில் 1 சதவீதத்தை ஒட்டித் தண்ணீர் குடிக்கும். இது அதைப்போலப் பல மடங்கு குடிக்கும். முன்கூட்டியே நனைக்காமல் கலவையில் போட்டால் சிமென்டுக்குப் போகவேண்டிய தண்ணீரை இழுத்துவிடும். வேலையாட்கள் கலவை இறுகுகிறது என்று மேலும் தண்ணீர் ஊற்ற, வலிமை விழும்.

அதனால்தான் ஐஎஸ் 383இன் 2016 பதிப்பு அளவாக அனுமதிக்கிறது:

1. கான்கிரீட்டை மட்டும் நொறுக்கிய ஜல்லி: கம்பியில்லாக் கான்கிரீட்டில் 25 சதவீதம் வரை. கம்பி கான்கிரீட்டில் 20 சதவீதம் வரை, அதுவும் எம்25 தரத்துக்குள் மட்டும். எம்15க்குக் கீழான படுக்கைக் கான்கிரீட்டில் (அடித்தளத்துக்குக் கீழே விரிக்கும் மெலிந்த கான்கிரீட்) முழுவதும்.

2. செங்கல், ஓடு எல்லாம் கலந்து நொறுக்கிய ஜல்லி: படுக்கைக் கான்கிரீட்டுக்கு மட்டும்.

இந்த இரண்டு வரிகளுக்கு நடுவில்தான் ஒரு குடியிருப்பின் எதிர்காலம் இருக்கிறது. இடிக்கும்போதே கான்கிரீட்டையும் செங்கல்லையும் தனித்தனியாகக் குவித்தால் முதல் வகை. ஜேசிபி எல்லாவற்றையும் ஒரே குவியலாக வாரினால் இரண்டாம் வகை. பொய்க்கூரையின் ஜிப்சம் கலந்துவிட்டால் அதுவும் கெடும். அதிலுள்ள சல்பேட் புதுக் கான்கிரீட்டை உள்ளிருந்து உப்பவைக்கும்.

இடிபாட்டுக் கழிவுக்கான முந்தைய 2016 விதிகளே, நாளொன்றுக்கு 20 டன்னோ மாதத்துக்கு ஒரு திட்டத்தில் 300 டன்னோ தாண்டுபவர்கள் கான்கிரீட், மண், இரும்பு-மரம்-பிளாஸ்டிக், செங்கல்-கலவை என நான்காகப் பிரிக்க வேண்டும் என்றன. 2025 விதிகள் 20,000 சதுர மீட்டரும் அதற்கு மேலும் பரப்புள்ள கட்டடங்களின் ‘உற்பத்தியாளர்’, அதாவது அந்தத் திட்டத்துக்குப் பொறுப்பானவர்மேல் மறுசுழற்சி இலக்கைச் சுமத்துகின்றன. நல்லது. ஆனால் 20,000 சதுர மீட்டர் என்பது 2.15 லட்சம் சதுர அடி. 12 வீடுகள் கொண்ட மூன்று மாடிக் குடியிருப்பு 12,000 சதுர அடியைத் தாண்டுவதே அரிது. நகரத் தெருக்களில் அன்றாடம் இடிபடுபவை இந்தச் சிறியவை. அவற்றில் பிரித்தெடுப்பதைத் தீர்மானிப்பது உரிமையாளர்கள் போடும் ஒப்பந்தம்தான்.

## நினைவு எங்கே தங்குகிறது

சீனாவின் நிங்போ நகரில் 2008இல் திறந்த வரலாற்று அருங்காட்சியகத்தை வாங் ஷுவும் லு வென்யுவும் வடிவமைத்தார்கள். நகரம் விரிந்தபோது இடித்துத் தள்ளப்பட்ட ஊர்களின் செங்கல்லும் ஓடும் அதன் வெளிச்சுவர்களில் வரிவரியாகப் பதிந்திருக்கின்றன. புயலில் விழுந்த வீடுகளின் உடைசலைக் கொண்டே அங்குள்ள மக்கள் சுவர் எழுப்பிய பழைய முறை, 24 மீட்டர் உயரத்துக்குப் பெரிதாக்கப்பட்டிருக்கிறது. தங்கள் வீட்டு ஓட்டை மக்கள் நின்று தேடும்படி ஒரு நகரச் சுவர். அதன்மேல் எனக்குள்ள மதிப்பு குறையாதது.

ஆனாலும் கட்டுமானக் கண்ணால் பார்த்தால், அந்த உயரத்தைத் தாங்குவது பின்னாலுள்ள கம்பி கான்கிரீட். பழைய ஊரில் மெலிந்த கலவையில் இருந்த ஓடு, இங்கே கான்கிரீட்டோடு கட்டுண்டது. இன்னொரு முறை கழன்று வருவது கடினம். நினைவு நிலைபெற்றது, சுழற்சி நின்றது.

டோக்கியோவின் நகாகின் கேப்சூல் கோபுரம் இதன் மறுபக்கம். கிஷோ குரோகாவா 1972இல் கட்டியது. இரண்டு நடுத்தண்டுகளில் 140 அறைப்பெட்டிகள், ஒவ்வொன்றும் 4 போல்ட்டில். 25 வருடத்துக்கு ஒருமுறை பெட்டியைக் கழற்றிப் புதிது மாட்டுவதாகத் திட்டம். ஒரு பெட்டிகூட மாற்றப்படவில்லை. மேலே உள்ளவற்றை எடுக்காமல் கீழே உள்ளதை எடுக்க வழியில்லாமல் போனது, கல்நார் (ஆஸ்பெஸ்டாஸ்) இருந்தது, உரிமையாளர்கள் ஒத்துப்போகவில்லை. 2022இல் பிரித்தெடுத்தபோது 23 பெட்டிகள் காப்பாற்றப்பட்டு சில அருங்காட்சியகங்களுக்குப் போயின. கழலும் இணைப்பு இருந்தும், கழற்றும் வரிசையை யோசிக்காவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு இதைவிடத் தெளிவான பாடம் தெரியவில்லை.

மூன்றாவது வழி நம் ஊரிலேயே இருக்கிறது. பத்தாம் நூற்றாண்டில் செம்பியன் மாதேவி திருக்கோடிக்காவல் கோயிலைக் கற்றளியாக எடுப்பித்தபோது, பழைய கற்களில் இருந்த கல்வெட்டுகளைப் படியெடுத்துப் புதுச் சுவரில் வெட்டச் செய்தார். அவற்றில் “இதுவும் ஒரு பழங்கற்படி” என்ற குறிப்பும் உண்டு. பழைய கல் போனது. எந்த நிலம் யாருக்கு, எந்த விளக்குக்கு எவ்வளவு நெய் என்ற செய்தி போகவில்லை. இது படி, மூலம் அல்ல என்று சொல்லும் நேர்மையும் கூடவே நின்றது.

காரைக்குடி முனீஸ்வரன் கோவில் வீதிக் கடைகளில் செட்டிநாட்டு வீடுகளின் தூணும் நிலையும் விற்பனைக்கு நிற்கும்போது இல்லாமல் போவது அந்தக் குறிப்புதான். மரம் மறுபயன்பாட்டுக்குப் போகிறது, நல்ல விலைக்கும் போகிறது. எந்த ஊர், எந்த வீடு, வளவின் (உள்முற்றப் பகுதியின்) எந்தப் பக்கத்துத் தூண் என்பது வண்டி ஏறும்போதே உதிர்ந்துவிடுகிறது. முட்டுக்காடு தட்சிணசித்ரா அருங்காட்சியகத்தில் வீடுகளைப் பிரித்துக் கொண்டுவந்து மறுபடி நிறுத்தியது வேறு வகை. துண்டுகளோடு அவற்றின் இடமும் வரிசையும் சேர்ந்து வந்தன.

## ஒப்பந்தம் போடும் முன்

1. இடிப்புக்கு ஆள் பேசும்போது “இடித்துச் சுத்தம் செய்து தர” என்று ஒரே தொகை எழுதாதீர்கள். மரம், கம்பி, செம்பு, செங்கல், கான்கிரீட் ஒவ்வொன்றும் யாருக்கு, எந்த நிலையில், எங்கே போய்ச் சேரும் என்று தனித்தனி வரியாக எழுதுங்கள். பழைய தேக்கு உள்ள வீட்டுக்கு இடிப்பு ஒப்பந்தக்காரரே பணம் தருவார். அந்தப் பணம் செங்கல்லைப் பிரிக்கும் கூலிக்கு உதவும்.

2. வரிசை, கட்டியதற்கு நேர்மாறு. மின்சாரம், தண்ணீர், கழிவுநீர் துண்டிப்பு முதலில். கல்நார் ஷீட் இருந்தால் நனைத்து, உடைக்காமல், முழுசாக இறக்க வேண்டும். பிறகு கதவு, ஜன்னல், ஒயர், குழாய், பொய்க்கூரை. அடுத்துத் தட்டோடு, தளம், உத்திரம். சுவர் கடைசியில், மேலிருந்து கீழாக.

3. பழைய செங்கல்லைத் திரும்பப் பயன்படுத்தும் முன் ஒன்றோடொன்று தட்டி ஓசை கேளுங்கள். 24 மணி நேரம் ஊறவைத்து எடையிடுங்கள், 20 சதவீதத்துக்குமேல் ஏறினால் வேண்டாம். வெள்ளை உப்பு பூத்ததையும் வேண்டாம். அடித்தளத்திலிருந்து இரண்டு மூன்று அடி உயரம்வரை எடுத்தவற்றில் உப்பு அதிகம் இருக்கும்.

4. பழைய தேக்கில் புதைந்த ஆணி வாளைக் கெடுக்கும், ஆளையும் வெட்டும். உலோகம் காட்டும் கருவியால் தடவிப் பார்த்த பிறகே அறுவைக்கு அனுப்புங்கள். துளை, வெட்டு உள்ள மரத்தைச் சுமை தாங்கப் போடும் முன் பொறியாளர் பார்க்க வேண்டும்.

5. புதுக் கட்டடத்தில் சுமை தாங்காத சுவர்களுக்கு 1 பங்கு சிமென்ட், 1 பங்கு சுண்ணாம்பு, 6 பங்கு மணல் கேளுங்கள். ஐஎஸ் 1905இல் இடம்பெற்ற கலவைதான், வலிமை 3 நியூட்டன். சுண்ணாம்பைத் தாளித்து ஒரு வாரமாவது நீரில் வைத்துச் சலித்தே கலக்க வேண்டும். தாளிக்காத துகள் இருந்தால் பூச்சு ஆறு மாதம் கழித்துக்கூடப் பொரிந்து தெறிக்கும்.

6. குழாயையும் ஒயரையும் தளத்துக்குள்ளோ சுவருக்குள்ளோ புதைக்காமல் திறந்து மூடும் தண்டுவழியில் (ஷாஃப்ட்) கொண்டுபோங்கள். 20 வருடத்தில் மாற்றவேண்டியதை 60 வருடம் நிற்கவேண்டியதற்குள் புதைப்பதால்தான் நல்ல சுவர்கள் வெட்டுப்படுகின்றன.

7. பழைய கட்டடத்தை இடிக்கும் முன் ஒவ்வோர் அறையையும் டேப் வைத்து அளந்து வரைபடம் போடுங்கள். எடுத்து வைக்கும் கதவு, தூண், ஓடு எல்லாவற்றுக்கும் எண் கொடுத்து, அந்த எண்ணை வரைபடத்திலும் எழுதுங்கள். தெரு, கதவிலக்கம், கட்டிய வருடம், எந்த அறை, இடித்த தேதி ஆகியவற்றைப் பொருளின் பின்புறம் பெயின்ட்டால் எழுதினால் விற்ற பிறகும் அதனோடு போகும். வரைபடத்தின் ஒரு படி, புதுக் கட்டடத்தின் கம்பி வரைபடத்தோடும் கான்கிரீட் சோதனை அறிக்கைகளோடும் சேர்ந்து, மூலப் பத்திரம் இருக்கும் அதே கோப்பில் இருக்கட்டும்.